வெள்ளைப் பூப் பூத்த அரிசிச்செடி

ஆகஸ்ட் 16, சனி

டவுனிலிருந்து ஒரு பெண் வந்து முகாமில் எல்லோருக்கும் நோட்டும் பேனாவும் கொடுத்தாள். "மனசுல உள்ளத எழுதுங்க பாட்டி, பாரம் கொறையும்" என்றாள். எனக்கு எழுத வருமோ என்று அவளுக்குச் சந்தேகம், வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். "அஞ்சாங்கிளாஸ் முடிச்சவ நான். உம்பேரச் சொல்லு, எழுதிக் காட்டுறேன்" என்றேன். வைஷ்ணவி என்றாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அசந்துபோனாள்.

மனதில் பாரம் ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பாடி, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகள், சரிவில் இருந்தன. போன திங்கள்கிழமை காலை மகன் தவசி வேலைக்குப் பேர் கொடுக்க மஸ்டருக்குக் கிளம்பிவிட்டான். நானும் மருமகள் ரஞ்சிதமும் குழாயடியில் இருந்தோம். பேத்தி கீர்த்திகா பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. தூங்கட்டும் என்று எழுப்பாமல் விட்டேன். லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வீடும் இல்லை, வாசல் முருங்கையும் இல்லை. சேறும் பாறையும்தான்.

மீட்புப் படையில் ஒரு மீசைக்காரர் வந்தார். குழாயடியிலிருந்து கயிறு பிடித்து அளந்து, "வீடு இந்த இடத்துலதான் இருந்திருக்கணும், இங்கதான் தோண்டணும்" என்றார். நான் விடவில்லை. கூரைத் தகரமெல்லாம் கீழே ஓடையில் கிடந்தது. கீத்துவின் ஊதாத் துப்பட்டா ஓடைப் பாறையில் சிக்கிக் கிடந்ததை முதலில் பார்த்ததும் நான்தான். "எம்பேத்தி துப்பட்டா அந்தா கெடக்கு, நீங்க இங்க நின்னு கயிறு பிடிச்சு வெளையாடுறீகளா?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவள். ஒச்சம்மா சொன்னால் இந்த எஸ்டேட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. எல்லோரும் ஓடைக்கு இறங்கினார்கள்.

பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஓடையில்தான் கிடைத்தார்கள். நான் சொன்னது சரிதானே. கீத்து மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. பிள்ளைக் காப்பகத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். சுவரில் ஆனை, குருவி, ஆப்பிள் படம். மூன்று வேளையும் சாம்பார் சாதம்.

ரஞ்சிதம் பேசாமலே கிடந்தவள் இன்று வாயைத் திறந்தாள். "அத்த, அந்தத் துப்பட்டா நான் மொத நாளு அலசிப் பின்பக்கம் கொடியில போட்டது. அவ மேல இல்ல."

மழையில் யாராவது துணி அலசுவார்களா என்று கேட்டேன். மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவளுக்குப் புத்தி கலங்கியிருக்கிறது, பாவம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மழை வெறித்தால் பார்க்கலாமாம். மீசைக்காரர் கிளம்பும்போது என் பக்கம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

செப்டம்பர் 3, புதன்

ரஞ்சிதத்தின் அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து வந்தார். கல்யாணம் ஆகாத பிள்ளை போய்ச் சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் கன்னிசாமியாக்கிக் கும்பிடுவது வழக்கம். ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் வைத்து உத்தரத்தில் தொங்கவிடுவோம். வெள்ளிக்கிழமை செம்பில் தண்ணீர் வைத்துப் படைப்போம். அதைச் செய்துவிடலாம் என்று பேச்செடுத்தார்.

"பெட்டி கட்டுறதுன்னா உங்க வீட்டுல கட்டுங்க. எம்பேத்தி சாமி இல்ல, பிள்ள" என்றேன்.

"எத்தன நாளைக்கு அத்த இப்படியே..." என்றாள் ரஞ்சிதம்.

"கெடைக்கிற வரைக்கும்."

தவசி தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். சோறு அப்படியே இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று நடந்ததை எழுத இஷ்டமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் செடியைப் பற்றி. போன வருடம் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது கீத்து கைக்குட்டையை நனைத்து ஒரு விரல் நீளத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பேர் சீடம் என்றாள். இலை ஊறவைத்த புழுங்கலரிசி மாதிரி உப்பலாக, உருண்டையாக இருக்கும். அதனால் நான் அரிசிச்செடி என்பேன். பிடி உடைந்த குக்கரில் பாதிக்கு ஜல்லியும் மீதிக்கு மண்ணும் போட்டு ஊன்றி, அவள் அறை ஜன்னலில் வைத்தாள். உயரவே உயராது. படுத்தபடியே பரவிக் குக்கர் விளிம்பெல்லாம் வழிந்தது. ஒரு கிள்ளு கீழே விழுந்தால் விழுந்த இடத்தில் வேர் விடும். இரவு படுக்கும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அவள் தலைமாட்டில் வைப்பது என் வேலை. குடித்த மிச்சத்தில் வாரத்துக்கு இரண்டு மூடி செடிக்கு. அதற்கு மேல் ஊற்றினால் என்னைத் திட்டுவாள்.

குக்கரும் சரிவோடுதான் போனது. செடி எங்கே முளைக்கிறதோ அங்கேதான் அவள் ஜன்னல். இது எனக்கு மட்டும்தான் தோன்றியது.

இன்று ஓடைக்குப் பக்கத்துச் சேற்றில் படுத்துப் படர்ந்த செடி ஒன்றைப் பார்த்தேன். சின்னச் சின்ன இலை, செவந்த தண்டு. ஓடிப்போய்ச் சொன்னேன். வேலைக்குப் போனவர்கள் பாதியில் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். தவசியும் வந்தான். ஆள் உயரம் தோண்டினார்கள். வெறும் மண். எஸ்டேட் பங்களாத் தோட்டக்காரன் லூர்து அப்போதுதான் வந்தான். செடியைக் கிள்ளிப் பார்த்தான். வெள்ளையாகப் பால் வடிந்தது.

"ஒச்சம்மாக்கா, இது சித்திரப்பாலாட. தரையில எங்கயும் மொளைக்கும். நீங்க சொல்ற செடியில பாலு ஏது? கிள்ளுனா தண்ணிதான் கசியும்."

குழியை மூடினார்கள். அதுதான் பொறுக்கவில்லை. கண்ணாடி போடுங்கள் என்று கீத்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு எதற்குக் கண்ணாடி? மேகமூட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, சனி

டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடி வாங்கினேன்.

அக்டோபர் 25, சனி

தீபாவளிக்குப் பலகாரம் இல்லை. மூன்று நாளாய் அடைமழை. இன்று வெறித்ததும் சரிவுக்குப் போனேன். மழை மேல்மண்ணை அரித்துக் கொண்டுபோயிருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன். மேலே, ஆனை அளவு பாறை ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறதே, அதன் அடியில் ஒரு கொத்து. மீசைக்காரர் அன்றைக்குக் கயிறு பிடித்து நின்ற இடத்துக்குப் பக்கம். கிள்ளினேன். பால் இல்லை. கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தேன். பால் இல்லை. நாக்கில் வைத்தால் புளித்த மாதிரி இருந்தது. உப்பிய அரிசி இலை.

இந்தத் தடவை ஊரைக் கூட்டவில்லை. லூர்துவை மட்டும் கூட்டிப் போனேன். குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"சாதி அதுதான்க்கா. ஆனா இதே சாதி நம்ம பங்களாச் சுவத்துலயும் கெடக்கு. பங்களா இதுக்கு மேலதான இருக்கு? அங்கேருந்து தண்ணி அடிச்சுட்டு வந்திருக்கலாம்."

"எல இப்படியா இருக்கும் அங்க?"

"குட்டியா நெழல்ல மொளைக்கும்போது எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். பூத்தாத்தான் தெரியும். பங்களாச் செடி மஞ்சளாப் பூக்கும். உங்களுது?"

வெள்ளை. போன பங்குனியில், பரீட்சை நேரத்தில் பூத்தது. ஐந்து இதழ், நட்சத்திரம் மாதிரி. நடுவில் ஊசி ஊசியாகச் செவப்பு. "அப்பத்தா, ஒம் மூக்குத்தி மாதிரியே இருக்கு" என்றாள்.

"அப்ப பூக்கட்டும்க்கா. இன்னொரு தடவ எல்லாரையும் கூப்புட்டு ஒண்ணும் இல்லேன்னா, தவசி தாங்க மாட்டான்."

ஒரு கிள்ளு கொண்டுவந்து பால்பவுடர் டப்பாவில் ஊன்றினேன். வெயிலில் வைத்தால் சீக்கிரம் பூக்கும் அல்லவா.

நவம்பர் 9, ஞாயிறு

டப்பாச் செடி அழுகிவிட்டது. தண்டு கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், ஒரு நாள் தவறவில்லை.

லூர்து தலையில் அடித்துக்கொண்டான். "ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்களேக்கா. இது கல்லுல வெளையிற சென்மம். எலைக்குள்ளயே தண்ணியச் சேத்து வச்சுக்கிட்டு மாசக்கணக்கா உசுரோட கெடக்கும். பட்டினி போட்டாத்தான் பூக்கும்."

ரஞ்சிதம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தைக்கு யாரையும் சும்மா விடத் தெரியாது" என்றாள். சிரித்தாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

டப்பா அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஜல்லி நிரப்பி, வேறு கிள்ளு ஊன்றியிருக்கிறேன். தொடமாட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தொடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று சரிவு முழுக்க ஏறி இறங்கினேன். முழங்கால் விண் விண் என்கிறது.

பாறைக்குக் கீழே ஓடை வரைக்கும் அங்கங்கே ஒன்றிரண்டு கொத்து முளைத்திருக்கிறது. கீழே போகப் போகக் குறைவு. பாறை அடியில்தான் அடர்த்தி. பாறைக்கு மேலே, பங்களா வேலி வரைக்கும் தவழ்ந்து தவழ்ந்து பார்த்தேன். ஒரு இலை கூட இல்லை. பங்களாவிலிருந்து வந்திருந்தால் வழியெல்லாம் சிந்தியிருக்க வேண்டாமா?

தண்ணீர் கீழே இருந்து மேலே கொண்டுபோகாது. அப்படியென்றால் குக்கர் பாறைக்கடியில். அப்படியென்றால் பின்னறை ஓடைக்குப் போகவே இல்லை.

மேற்கொண்டு எழுத வரவில்லை. பேனா மை சரியில்லை.

டிசம்பர் 8, திங்கள்

உடம்பு சரியில்லை. சாப்பிடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்குக் காலி பாடி ஒன்றில் வீடு கொடுத்தார்கள். பின்னறையில் யாரும் படுப்பதில்லை. சாமான் வைத்திருக்கிறோம்.

கங்காணி வந்து சொன்னார்: பங்குனி கடைசிக்குள் சரிவைச் சமன் பண்ணி, கல்லும் கம்பியும் வைத்துச் சுவர் கட்டிச் சிமெண்டு பூசப் போகிறார்களாம். அடுத்த மழைக்கு மறுபடி வராமல் இருக்க.

"அப்ப எம்பேத்தி?"

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாத்துக்கும் சேத்து அங்க ஒரு கல்லு வைக்கிறாங்களாம் ஆத்தா. பேரெல்லாம் போட்டு."

டப்பாச் செடி நன்றாக இருக்கிறது. வெயில் பட்டு இலை நுனி செவந்திருக்கிறது. பூ இல்லை.

பிப்ரவரி 11, புதன்

பங்களாச் சுவரில் பூத்துவிட்டது. மஞ்சள் மஞ்சளாக. லூர்து காட்டினான். என் டப்பாவில் ஒன்றும் இல்லை.

பூக்காமல் போனால் சிமெண்டு. மஞ்சளாகப் பூத்தாலும் சிமெண்டு. மஞ்சளாகப் பூக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. வயதாகிறது.

மார்ச் 1, ஞாயிறு

மொட்டு. பச்சையாக, கடுகு அளவு. கண்ணாடி போட்டும் நிறம் தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வெள்ளை.

மார்ச் 8, சாயங்காலம்

டப்பாவைக் கொண்டுபோய் தவசி முன்னால் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தான். விரலால் பூவைத் தொட்டான்.

"எங்க மொளைச்சது ஆத்தா இது?"

"மேல. பெரிய பாறைக்கடியில."

"மேலயா."

"ஆமா."

தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "சிமெண்டு பூசிட்டுப் போகட்டும் ஆத்தா. விட்ரு."

"ஏன்டா விடணும்? அவள அங்கயே போட்டுப் பூசவா?"

"மேல தோண்டி, அவ அங்க இருந்தான்னா..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்தான். என் மகன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபமாக இருந்தால் பரவாயில்லை. கோபம் இல்லை.

"இருந்தா என்ன? சொல்லு."

"ஒண்ணுமில்ல ஆத்தா. நீ சாப்டியா?"

அடுப்படியிலிருந்து ரஞ்சிதம் வந்தாள். டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையை வைக்கிற மாதிரி. "தோண்டுங்க" என்றாள். "எங்க இருந்தாலும் பரவால்ல. எனக்கு எம்பிள்ள வேணும்."

மார்ச் 12, வியாழன்

பாறையை நகர்த்த வண்டி வந்தது. பிறகு கையால்தான் தோண்டினார்கள். தவசி யாரையும் முன்னால் விடவில்லை. அவனே இறங்கினான். லூர்து மண்ணை வாங்கி வாங்கிக் கொட்டினான்.

முதலில் ஜன்னல் கம்பி. அதற்கடியில் குக்கர். அதிலிருந்த செடி மண்ணுக்குள் வெளுத்து நூல் நூலாக நீண்டு, வெளிச்சத்தைத் தேடிப் பாறை இடுக்கு வழியாக ஏறியிருந்தது.

பிறகு பீரோ. சாய்ந்து சுவரில் முட்டுக்கொடுத்து நின்றது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மண் இல்லை. ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம்.

அங்கேதான் இருந்தாள். உட்கார்ந்தபடி. கொலுசு பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்தது.

தவசி அவளைத் துணியில் தூக்கிக்கொண்டு ஏறினான். எல்லோரும் அவன் பின்னால் போனார்கள். ரஞ்சிதத்தின் சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நான் குழியோரம் உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தால் அவள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். மண் சரிந்ததற்கு முந்தின இரவு நான் கழுத்து வரை பிடித்து வைத்த பாட்டில். நசுங்கவில்லை, சாயவில்லை. சுவரோரமாக நிமிர்ந்து நின்றது. மூடி கழற்றித் தனியாக, கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்திருந்தது.

உள்ளே ஒரு சொட்டு இல்லை.

இறங்கி எடுத்தேன். முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். லூர்து திரும்பி வந்து, "என்னக்கா அது?" என்றான். "கல்லு" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

அடக்கம் முடிந்தது. அந்த மீசைக்காரரும் எப்படியோ கேள்விப்பட்டு வந்திருந்தார். பின்னால் நின்றார். என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பாட்டிலை உமி போட்டுக் கழுவினேன். துணிக்குள் சுற்றி டிரங்குப் பெட்டி அடியில் வைத்தேன். டிரங்குப் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

நானே சொல்லிவிட்டேன், பெட்டி கட்டலாம் என்று. ரஞ்சிதம் நம்பவில்லை. "நெசமாவா அத்த?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஊதாவில் பாவாடை வேண்டாம் என்றேன். வேறு எந்த நிறமும் எடுக்கட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று முதல் படையல். உசிலம்பட்டியிலிருந்து ஓலைப்பெட்டி வந்தது. பச்சைப் பாவாடை, கண்ணாடி வளையல், பவுடர், ரிப்பன். குக்கரில் இருந்த செடியிலிருந்து ஒரு கிள்ளு நானும் வைத்தேன். காயாது, பெட்டிக்குள்ளேயே மாசக்கணக்கில் கிடக்கும் என்று ரஞ்சிதத்திடம் சொன்னேன். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

தவசி சூடம் கொளுத்தினான். ரஞ்சிதம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அதற்குள் குழாயடிக்கு இரண்டு நடை போய், குடத்தையும் பானையையும் வாளியையும் நிரப்பிப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தேன். சமையல் அண்டாவையும் இழுத்து வந்தேன். தரையெல்லாம் ஈரம்.

"கன்னிக்கு ஒரு செம்பு போதும்ல அத்த" என்றாள் ரஞ்சிதம். "எதுக்கு இவ்வளவு தண்ணி?"

தவசி என்னைப் பார்க்கவில்லை. வந்து அண்டாவின் மறு பக்கத்தைப் பிடித்தான்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஐந்து குடம்.